இன்ஷியலுக்குப் பின்னால் இருப்பவர்: எல்லையோரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பாஸ்போர்ட்டில் ஆங்கிலம். மூன்றிலும் என் தாத்தாவின் பெயர் மூன்று விதமாக இருந்தது. அதைச் சரிசெய்யப் போய்த்தான் இந்தத் தேடலில் இறங்கினேன். அப்புறம் அக்கம்பக்கத்தார், நாகர்கோவில் உறவுக்காரர்கள், நகரியில் இருக்கும் சிநேகிதர் வீட்டார் என்று பலரும் காகிதக் கட்டோடு வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. எதை வைத்து முன்னோரைத் தேடுவது?

இன்ஷியலை வைத்துத்தான். குடும்பப் பெயர் ஒரு கூட்டத்தைக் காட்டும். நம் இன்ஷியலோ ஒரே ஒரு ஆளைக் காட்டும். உங்கள் இன்ஷியல் உங்கள் அப்பா. அவருடைய இன்ஷியல் உங்கள் தாத்தா. ஒவ்வொரு எழுத்தாக விரித்துக்கொண்டே போனால் ஏணி மாதிரி மேலே ஏறலாம். ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்பதை அவுல் பக்கீர் ஜைனுலாபுதீன் அப்துல் கலாம் என்று விரித்தால் முன்னோர் வரிசையே வந்துவிடுகிறது. ஜைனுலாபுதீன் அவருடைய அப்பா. மு.க. ஸ்டாலினில் மு என்பது தாத்தா முத்துவேலர், க என்பது அப்பா கருணாநிதி.

பழைய காகிதத்தில் தமிழ் இன்ஷியல் கிடைத்தால் அதை விடாதீர்கள். ஆங்கில ‘எம்’ முத்துவாகவும் இருக்கலாம், மாரியாகவும் இருக்கலாம், மீனாட்சியாகவும் இருக்கலாம். தமிழில் மு, மா, மீ என்று எழுதினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அப்பாவின் சொந்தப் பெயர் எப்படிக் குடும்பப் பெயராக மாறுகிறது?

நம் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அப்பா பெயரைப் போடுகிறோம். துபாய்க்கோ அமெரிக்காவுக்கோ போனபின் அங்கே பிறக்கும் பிள்ளைக்கும் அதே பெயரையே கொடுக்கிறோம். முத்துசாமியின் மகன் கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். கந்தசாமியின் மகள் ‘பிரியா முத்துசாமி’ ஆகிறாள். அவளுக்கு முத்துசாமி தாத்தா. அவளுடைய பிள்ளைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தால் அது குடும்பப் பெயராகவே உறைந்துவிடும். முத்துசாமி என்று ஒரு மனிதர் இருந்தார் என்பதும் மறந்துபோகும்.

ஐரோப்பாவிலும் இப்படித்தான் நடந்தது. ஜான்சன் என்றால் ஜானின் மகன். வேல்ஸில் ‘ஆப் ரீஸ்’, அதாவது ரீஸின் மகன், நாளடைவில் பிரைஸ் ஆனார். டென்மார்க்கில் 1828-இல் அரசாணை போட்டுத்தான் குடும்பப் பெயரை நிலையாக வைக்கச் சொன்னார்கள். மக்கள் அதற்குப் பழகப் பல வருடங்கள் ஆயின. ஐஸ்லாந்தில் பெரும்பாலோர் இன்றும் நம்மைப் போல அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

நம் ஆட்களின் பெயரை வெளியார் தலைகீழாகப் படித்ததற்கும் உதாரணம் உண்டு. செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டார் செல்லமாக ‘விஷி’ என்பார்கள். அது அவர் அப்பாவின் பெயர். விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரை உலகம் ‘சந்திரா’ என்று அழைத்தது. சந்திரசேகர் என்பது அவருடைய சொந்தப் பெயர்தான், ஆனால் அது அவருடைய தாத்தாவின் பெயரும்கூட. அவருடைய சித்தப்பா சர் சி.வி. ராமனின் ‘சி’ அதே சந்திரசேகர ஐயர்தான். ஒரு பெயர் அப்பாவின் இன்ஷியலாகவும் பேரனின் சொந்தப் பெயராகவும் ஒரே வீட்டுக்குள் சுற்றிவருகிறது.

எல்லா இன்ஷியலும் ஆள் பெயர்தானா?

இல்லை. பாலக்காட்டுப் பக்கம் தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். கேரளத்தில் முதல் எழுத்து பெரும்பாலும் வீட்டுப் பெயர் அல்லது ஊர்ப் பெயர், அடுத்ததுதான் அப்பா. பாலக்காட்டில் பிறந்த டி.என். சேஷனில் ‘டி’ திருநெல்லாயி கிராமம், ‘என்’ அப்பா நாராயண ஐயர். எழுத்தாளர் ஓ.வி. விஜயனில் ‘ஓ’ ஊட்டுப்புலாக்கல் என்ற வீட்டுப் பெயர், ‘வி’ அப்பா வேலுக்குட்டி. எம்.ஜி.ஆர். என்பது மருதூர் கோபாலன் ராமச்சந்திரன். அவருடைய அம்மா சத்யபாமாவின் வடவன்னூர் எங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. கேரள முதல்வராக இருந்த ஈ.எம்.எஸ்.ஸில் ‘ஈ’ ஏலங்குளம், ‘எம்’ மனக்கல், அதாவது மனை; ‘எஸ்’ சங்கரன் என்ற அவருடைய சொந்தப் பெயர். அதில் அப்பா பெயரே இல்லை.

ஆகவே இரண்டு இன்ஷியல் இருந்தால் அப்பா, தாத்தா என்று உடனே எழுதிவிடாதீர்கள். வீட்டுப் பெயரைத் தாத்தா என்று நினைத்து இரண்டு மாதம் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

வர்கீஸ், சாக்கோ, சாண்டி எல்லாம் குடும்பப் பெயர்களா?

அடிப்படையில் ஆள் பெயர்கள். சிரியன் கிறிஸ்தவர்கள் வழியாக வந்த பைபிள் பெயர்களும் புனிதர் பெயர்களும் மலையாள வாயில் இப்படி ஆகியிருக்கின்றன. கீவர்கீஸ் என்பது வர்கீஸ், ஆங்கிலத்தில் ஜார்ஜ். யாக்கோபு சாக்கோ ஆனார், அலெக்சாண்டர் சாண்டி ஆனார், தாமஸ் தொம்மனாகவும் உம்மனாகவும் மாம்மனாகவும் ஆனார். பத்ரோஸ் பேதுரு, பவுலோஸ் பவுல், ஔசேப்பு யோசேப்பு.

மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்பது அங்கே பழைய வழக்கம். அதனால் பின்னால் நிற்கும் பெயர் தலைமுறைதோறும் மாறும். நன்றாகத் தெரிந்த உதாரணம் முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி. அவருடைய அப்பா சாண்டி. மகன் சாண்டி உம்மன், 2023-இல் புதுப்பள்ளி எம்.எல்.ஏ. ஆனவர். இதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டால் அப்பாவும் மகனும் இரண்டு குடும்பம் ஆகிவிடுவார்கள். அந்தக் குடும்பங்களைத் தேட வீட்டுப் பெயரும் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் வேண்டும்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் ஃபெர்னாண்டோ, லோபஸ், சேவியர் என்கிறார்களே?

இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது அந்தப் பெயர்கள் இங்கே இறங்கின. ஃபெர்னாண்டோ என்பது அங்கே ஒருவருடைய சொந்தப் பெயர். ஃபெர்னாண்டஸ் என்றால் ஃபெர்னாண்டோவின் மகன். லோபஸ் லோப்போவின் மகன். ரொட்ரிகஸ் ரொட்ரிகோவின் மகன். கடைசியில் வரும் ‘எஸ்’ ஒலிதான் ‘மகன்’ என்ற பொருளைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பெரைரா ஆள் பெயரிலிருந்து வந்ததல்ல. அது பேரிக்காய் மரம். தூத்துக்குடியில் ஒரு குடும்பம் ஃபெர்னாண்டோ என்றிருந்தால் அவர்களுக்கு லிஸ்பனில் ஒரு மூதாதை இருந்தார் என்று பொருள் இல்லை. ஞானஸ்நானத் தொட்டியருகே கொடுக்கப்பட்ட பெயர் அது.

சேவியர் இன்னும் விசேஷம். பிரான்சிஸ் சேவியர் 1542-இல் இந்தியா வந்தார், 1544-இல் திருவிதாங்கூர்க் கடற்கரை முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சேவியர் அவருடைய சொந்தப் பெயர் அல்ல. நவார் நாட்டில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் ‘புது வீடு’ என்று பொருள். நாகர்கோவில் பக்கமும் தென் கேரளத்திலும் புத்தன்வீடு என்று எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் இருக்கிறது. அதே பெயர்தான் இதுவும். அந்த வீட்டுப் பெயர் இங்கே சொந்தப் பெயர் ஆனது, சவேரியார் ஆனது, சவேரிமுத்து ஆனது. இப்போது சேவியரின் பிள்ளைகள் வெளிநாட்டில் அதையே குடும்பப் பெயராகப் போடுகிறார்கள். ஒரு முழு வட்டம்.

ஆந்திரப் பக்கம் ‘இன்ட்டி பேரு’ கேட்கிறார்கள். அது என்ன?

தெலுங்கில் வீட்டுப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். அது பெரும்பாலும் ஊர்ப் பெயர். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்குச் சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்து ஊர். ஆள் பெயரிலிருந்து வந்த இன்ட்டி பேரும் நிறைய உண்டு. ‘நேனி’ என்று முடிந்தால் அது ‘நாயனி’, அதாவது ‘நாயுடுவின்’ என்பதன் சுருக்கம். ராமினேனி என்றால் ராமி நாயுடு வீட்டார். எஸ்.பி. பாலசுப்ரமண்யத்தின் எஸ்.பி., ஸ்ரீபதி பண்டிதாராத்யுல. ஸ்ரீபதி பண்டிதர் என்ற பழைய சைவப் பெரியவரின் பெயரைச் சுமக்கும் வீட்டுப் பெயர் அது.

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல். பள்ளியில் இன்ட்டி பேரு கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது, அப்பா பெயரைச் சொல்லிவிடுவார்கள். என் சிநேகிதர் வீட்டில் அப்படித்தான் ஆனது. அண்ணன் அப்பா பெயரைச் சொன்னார். தம்பி சேர்ந்தபோது குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார்கள். ஒரே வீட்டில் இரண்டு இன்ட்டி பேரு. இன்று அவர்களுடைய பிள்ளைகள் பங்காளிகள் என்று காகிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

மேலே போகப்போக அதே இரண்டு பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தப்பாகத் தேடுகிறேனா?

இல்லை, சரியாகத்தான் தேடுகிறீர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன், பெயரைத் தாங்குகிறவன். தாத்தா பெயர் பேரனுக்கு என்பதால் ராமசாமி மகன் பழனிசாமி, பழனிசாமி மகன் ராமசாமி என்று மாறி மாறி வரும். இரண்டு ராமசாமிகளை ஒருவராகச் சேர்த்துவிட்டால் ஒரு தலைமுறையே காணாமல் போகும். மனைவி பெயரைச் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் வருடத்தைப் பாருங்கள்: ஒரே ராமசாமி அறுபது வருட இடைவெளியில் நிலம் வாங்கவும் பாகம் பிரிக்கவும் வந்தால் அது பெரும்பாலும் தாத்தாவும் பேரனுமாக இருக்கும்.

எந்தக் காகிதங்களைப் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் ஊர் அந்தக் காலத்தில் எந்த ஆட்சியில் இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாலக்காடு 1956 வரை மலபார் மாவட்டம், சென்னை மாகாணத்துக்குள். பக்கத்திலேயே இருக்கும் எங்கள் சித்தூர், கொச்சி சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழி வந்தவை. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம் 1911-இல் உண்டானது. அதற்கு முன்னால் பெரும்பாலும் வடஆற்காட்டில் தேட வேண்டும். இரண்டு சித்தூர்களையும் குழப்பிக்கொண்டு தப்பான ஆபீஸுக்கு எழுதிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

கேரளத்தில் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். நிலத்துக்கான முன்னாதாரங்களை, அதாவது முந்தைய பத்திரங்களை, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பின்னால் போங்கள். அவற்றில் ‘இன்ன தேசத்து, இன்ன வீட்டில், இன்னார் மகன் இன்னார்’ என்று முழுதாக இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் இருந்தால் ஆவணி முதல் டிசம்பர் வரைக்கு 824, ஜனவரி முதல் ஆடி வரைக்கு 825 கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லம் 1101 என்றால் 1925-26.

ஆபீஸுக்குப் போகும் முன்னால் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் ‘இன்னார் பேரனும் இன்னார் மகனுமாகிய’ என்று மூன்று தலைமுறை, அதுவும் இரண்டு பக்கமும் வந்துவிடும். மொய் நோட்டில் ஊர், பெயர், பட்டப்பெயர் எல்லாம் இருக்கும். குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டில் யார் எப்போது தனிக் குடும்பமானார் என்பது தெரியும். தர்ப்பணம் செய்கிற வீடுகளில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர் வாயிலேயே இருக்கும். அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களையும் அதில் சொல்வார்கள். பெண்கள் பெயர் இந்த அளவுக்கு ஒழுங்காகத் தங்கிய இடம் வேறொன்றும் நான் பார்க்கவில்லை.

மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் வழி வந்தவர்கள் செக்ரோலை, அதாவது தொழிலாளர் பதிவேட்டைப் பார்க்கும்போது கவனம். கங்காணியின் பேரில் ஆட்களைக் கூட்டமாக எழுதியிருந்தால் அந்தப் பெயரை அப்பா பெயர் என்று எண்ணிவிடாதீர்கள்.

பத்திரத்தில் ‘மகன்’ என்று இல்லாமல் ‘மருமகன்’, ‘அனந்தரவன்’ என்றிருக்கிறது. ஏன்?

மருமக்கள் வழி. சொத்து அம்மாவின் சகோதரரிடமிருந்து சகோதரி பிள்ளைக்குப் போகும் முறை. இங்கே மருமகன் என்றால் சகோதரியின் மகன், அனந்தரவன் என்றால் வாரிசாக வரும் இளையவர். நாயர்களிடம் மட்டுமல்ல, தமிழ் பேசும் நாஞ்சில் வேளாளரிடமும் இது இருந்தது. 1926-இல் சட்டம் வந்த பிறகுதான் மக்கள் வழிக்கு மாறியது. அந்தக் காலத்துப் பதிவில் பெயருக்கு முன்னால் நிற்பது தாய்மாமனாக இருக்கலாம்.

எழுத்து ஒவ்வொரு இடத்திலும் மாறியிருக்கிறது. ஒரே ஆள்தான் என்று எப்படி உறுதி செய்வது?

மாற்றத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. பழனிசாமி மலையாளத்தில் பழனிஸ்வாமி. ஆங்கிலத்தில் கேரளம் ‘இஸட்-எச்’ போட்டு எழுதும், தமிழ்நாடு ‘எல்’ போட்டு எழுதும். ஆறுமுகம் இங்கே ஆறுமுகன் ஆவார். நம் சுப்பிரமணியன் தெலுங்கில் சுப்ரமண்யம். இதுவரை பயமில்லை.

பெயரே வேறாக இருந்தால்தான் கஷ்டம். என் தாத்தா பள்ளிப் பதிவில் கந்தசாமி, ஆதாரத்தில் கருப்பண்ணன், மொய் நோட்டில் வண்டிக்காரர். சாமிக்கு வைத்த பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று. இங்கே பெயரை விட்டுவிட்டு நிலத்தைப் பிடிக்க வேண்டும். கருப்பண்ணன் ஆதாரத்தில் கிழக்கு எல்லை ஒரு பொதுக் கிணறு, தெற்கு எல்லை பெரியப்பாவின் பூமி. கந்தசாமி பெயரில் வரி கட்டிய ரசீதிலும் அதே சர்வே எண். நான்கெல்லையும் மனைவி பெயரும் ஒத்துப்போனால் ஆள் ஒருவர்தான். ரசீது கையில் கிடைத்த அன்று நான் அந்தக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டியின் அப்பா பெயரை எங்கே தேடுவது?

இதுதான் மிகக் கடினம். கல்யாணமானதும் பெண்ணின் இன்ஷியல் புருஷன் பெயருக்கு மாறிவிடுகிறது. பத்திரத்தில் ‘இன்னார் மனைவி’ என்றுதான் இருக்கும். பாட்டி பிறந்த ஊர் தெரிந்தால் அங்கே பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். பெண்கள் கையெழுத்தோ கைநாட்டோ போட்ட விடுதலைப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கும். அம்மா பெயரை மகளுக்கு வைத்தவர்களையும் கவனியுங்கள். பேத்திக்குப் பாட்டி பெயர் போயிருக்கும்.

பிள்ளை, நாடார், நாயர், ஐயர்?

இவை பட்டங்கள், ஆளைக் காட்டாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியை எழுதுவது குறைந்தது. காலியான அந்த இடத்தில்தான் இன்று அப்பா பெயர் வந்து நிற்கிறது. அது நல்ல மாற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு எதைக் குடும்பப் பெயராகப் போடலாம்?

எது போட்டாலும் பிறப்புச் சான்றிலும் பள்ளியிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கட்டும். அம்மா பெயரும் போடலாம். அப்பா இறந்து, அம்மா மறுமணம் செய்த ஒரு ஆந்திரக் குடும்பத்தின் வழக்கில், பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்ய இயற்கைக் காப்பாளரான அம்மாவுக்கு உரிமை உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாத்தா பெயரைப் போடுகிறவர்கள் அவர் யார், எந்த ஊர், என்ன வேலை பார்த்தார் என்று குழந்தையின் ஜாதக நோட்டிலேயே நான்கு வரி எழுதிவையுங்கள். நூறு வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு அந்த நான்கு வரி போதும்.

நான் இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றால் எங்கிருந்து?

வீட்டில் மூத்த பெண்மணியிடமிருந்து. ‘தாத்தா பெயர் என்ன?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள், காதுகுத்துக்கு மடியில் வைத்த மாமா யார், எந்தக் கோயிலில் முடியிறக்கினார்கள் என்று கேளுங்கள், ஒவ்வொன்றாக வரும்.

எங்கள் பெரியத்தையிடம் அவருடைய மாமனார் பெயரைக் கேட்டேன். மருமகள் வாயால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று கடைசிவரை சொல்லவில்லை. பேனாவைக் கொடுத்தால் எழுதத் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையின் ஒரு விரலையும் விரித்துக் காட்டினார். அப்புறம் தன் முகத்தைத் தொட்டார். அடுத்த வாரம் சித்தூரில் அந்த வீட்டு முன்னாதாரத்தை வாங்கிப் பார்த்தேன். மலையாள எழுத்தில் ‘ஆறுமுகன்’ என்றிருந்தது.